லேடி ஓனர்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளே பத்தாவது படிக்கும்போது கேம்ப் ரோட்டில் ஒரு ஆட்டோ மேல் கொண்டுபோய் விட்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்டதோடு சரி. அப்படிப்பட்ட நான் 2006-ஆம் வருஷம் ஒரு வெள்ளிக் கலர் காருக்குச் சொந்தக்காரியாக இருந்தேன். ஆர்.சி.யில் என் பேர், புருஷன் பேர், சேலையூர் வீட்டு விலாசம் எல்லாம் சுத்தமாக இருந்தது. அந்த வண்டியில் சுத்தமாக இருந்தது அது ஒன்றுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

என் வீட்டுக்காரர் பாட்சா கேம்ப் ரோட்டில் சீட் கவர் கடை வைத்திருக்கிறார். கார் சீட்டுக்கு உறை தைப்பது, தரைக்கு மேட் போடுவது, கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவது, இதுதான் தொழில். தையல் ஒரு நூல் கோணாது. அவருடைய சிநேகிதர் குமரவேல். பெருங்களத்தூரில் அவர்கள் குடும்பத்து நிலத்தில் முன்பு நெல் விளைந்தது, இப்போது நாலு மாடி அபார்ட்மெண்ட் விளைந்திருக்கிறது. வந்த பணத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் பழைய கார் வாங்கி விற்கும் வேலையில் இறங்கினார். வாய்க்கு வாய் என்னை அண்ணி என்பார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் மகள் இரம் காய்ச்சலில் கிடந்தபோது அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார்.

2005 ஜூலையில் பம்பாயில் ஒரே நாளில் கொட்டிய மழையில் ஊரே முங்கிப்போனது நினைவிருக்கும். ஆயிரக்கணக்கில் கார்களும் முங்கின. ரிப்பேர் செலவு வண்டியின் விலையைத் தாண்டும் என்று இன்சூரன்ஸ்காரர்கள் சொந்தக்காரர்களுக்கு முழுப் பணத்தையும் கொடுத்து, இனி இது வண்டியே இல்லை என்று எழுதிவிட்டார்கள். எழுதின கையோடு அந்த வண்டிகளை ஏலம் போட்டு விற்றார்கள். வண்டியே இல்லை என்றால் எதை விற்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. குமரவேல் அதில் ஒன்றை ஏலத்தில் எடுத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

அந்த வருஷம் கடைசியில் நம் பக்கமும் தண்ணீர்தான். முடிச்சூர் பக்கத்தில் இடுப்பளவு நின்றது. "இங்கியே எத்தினி வண்டி முங்கிக் கெடக்குது. அதுக்கு ஏன் தம்பி பம்பாய் வரிக்கும் போனீங்க?" என்று குமரவேலைக் கேட்டேன்.

"இன்னா அண்ணி நீங்க. நம்மூர்ல முங்குனத நம்மூர்லயே வித்தா எவனாவது அடையாளம் கண்டுக்குவான். இங்க முங்குனது ஆந்திராவுக்குப் போவும், கர்நாடகாவுக்குப் போவும். அங்க முங்குனது இங்க வரும். ஸ்டேட் மாறிச்சுன்னா எவனுக்கு இன்னா தெரியப் போவுது" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். என் வீட்டுக்காரரும் கூடச் சிரித்தார். ஊருக்கு ஊர் நாற்றத்தைப் பண்டமாற்று செய்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்ஜினை மேற்குத் தாம்பரத்தில் ஒரு மெக்கானிக் பார்த்தார். உள்பக்க வேலை என் வீட்டுக்காரருடையது. லாபத்தில் பாதி என்று பேச்சு. அதை வைத்துப் பெரிய கடையாக எடுக்கலாம் என்று அவருக்கு ஆசை. கடையில் இடம் பற்றாததால் சீட்டு, தரைக் கார்பெட், கதவின் உள் அட்டை எல்லாவற்றையும் கழற்றி எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கொண்டுவந்து போட்டார். நாலு மாதமாகியும் கார்பெட்டுக்கு அடியில் ஈரம் காயவில்லை. பிழிந்தால் கறுப்பாக வடிந்தது. அது வெறும் மழைத் தண்ணீர் இல்லை, சாக்கடையும் கக்கூஸும் கலந்து ஓடின தண்ணீர். சீட்டு ஸ்பாஞ்சைக் கிழித்தால் உள்ளே புழு நெளிந்தது. அந்தக் கார்பெட்டை என் துவைக்கிற கல்லில் போட்டுத் தேய்த்தார். மறுநாள் ப்ளீச்சிங் பவுடர் போட்டு மூன்று தரம் கல்லைக் கழுவினேன். அப்படியும் அதில் இரமுடைய யூனிஃபார்மை வைக்க மனசு வரவில்லை. பக்கெட்டிலேயே அலசிக் காயப்போட்டேன்.

பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பள்ளிக்கூட டை வந்தது. சின்னப் பிள்ளைகள் போடுகிற எலாஸ்டிக் டை. சேறு காய்ந்து அட்டை மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளை அன்றைக்கு வண்டிக்குள் இருந்ததா, இறங்கி ஓடித் தப்பித்ததா, எங்களில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரர் அதை இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்.

"நாறுதுங்க" என்றேன்.

"எங்க நாறுது? எனுக்கு ஒண்ணும் தெர்ல. உனுக்குத்தான் ஊர்ல இல்லாத மூக்கு" என்றார்.

அஞ்சு வேளையும் கை கால் கழுவி ஒளு செய்து தொழுகிற மனுஷன். ரோட்டில் ஒரு சொட்டுச் சாக்கடை கால்சட்டையில் தெறித்தால் நஜீஸ், அசுத்தம் என்று வீட்டுக்கு வந்து மாற்றிக்கொண்டுதான் பள்ளிவாசலுக்குப் போவார். அவருக்கு நாறவில்லையாம். சாப்பாட்டுக்கு உட்கார்ந்து சோற்றைப் பிசையும்போது அந்த விரல்களைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கும். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் அவர் கையைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது அப்போதுதான்.

மார்ச் மாதம் வண்டி பளபளவென்று ஆகிவிட்டது. புது சீட்டு, புது கார்பெட், புது பெயிண்ட். பம்பாயிலிருந்து என்.ஓ.சி.யும் வந்து சேர்ந்தது. வண்டி மேல் கடன் இல்லை, வழக்கு இல்லை, வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக எந்தத் தடையும் இல்லை என்று அங்கே கொடுக்கிற சான்றிதழ் அது. மூழ்கின வண்டி என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அடுத்தது இங்கே யார் பேரில் பதிவது என்ற பேச்சு வந்தபோது குமரவேல் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணி பேர்ல போட்டுக்கலாம் பாய். விளம்பரம் குடுக்கசொல்ல லேடி ஓனர்னு போட்டா அஞ்சு நிமிஷத்துல போன் வரும். பொம்பளைங்க வெச்சிருந்த வண்டின்னா பதனமா வெச்சிருப்பாங்கன்னு ஜனங்களுக்கு ஒரு நெனப்பு."

"எனக்கு ஓட்டத் தெரியாதே தம்பி" என்றேன்.

"ஓட்டணும்னு யார் சொன்னது? ரேஷன் கார்டும் ரெண்டு போட்டோவும் குடுங்க, போதும்" என்றார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. ரேஷன் கார்டை எடுத்து வரச் சொன்னார். நான் எடுத்துக் கொடுத்தேன். முடியாது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். புருஷன் ஒரு வேலையை ஆரம்பித்துப் பாதி தூரம் வந்தபிறகு குறுக்கே விழ வேண்டாம் என்று நினைத்தேன். நல்ல பேர் எடுப்பதில் எனக்கு இருந்த ஆசையை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வண்டியையும் கொண்டுபோக வேண்டும், என்னையும் கொண்டுபோக வேண்டும். வெளியே மரத்தடியில் பானெட்டைத் திறந்து சேசிஸ் நம்பரைப் படி எடுத்தார்கள். இரும்பில் அடித்திருக்கிற நம்பர் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் நம்பர் வெள்ளையாக எழும்பி வரும். அது பழைய பேப்பரோடு ஒத்துப்போனால் அதே வண்டி என்று அர்த்தம். "ஓனரம்மா, அசையாமப் புடிங்க" என்று குமரவேல் காகிதத்தின் ஒரு ஓரத்தை என் கையில் கொடுத்தார். பிடித்துக்கொண்டு நின்றேன். நம்பருக்கு மேலே தகடு சேருகிற இடுக்கில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. விரலால் தொட்டேன். அதே சேறு. இத்தனை பெயிண்டுக்கும் பாலிஷுக்கும் தப்பி அங்கே உட்கார்ந்திருந்தது. நகத்துக்குள் ஏறினது வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டும் போகவில்லை.

இன்ஸ்பெக்டர் பெரியவர், கண்ணாடி போட்டவர். நம்பரை ஒன்றொன்றாகச் சரிபார்த்தார். லைட் போடச் சொன்னார், ஹாரன் அடிக்கச் சொன்னார். "பம்பாய் வண்டியா. யாரும்மா ஓட்டறது?" என்று கேட்டார்.

"மேடம்தான் சார்" என்றார் குமரவேல்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

பிறகு ஃபாரங்கள். புருஷன் பேர், விலாசம், வண்டியின் கலர், எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு கனம், பெட்ரோலா டீசலா, எந்த வருஷம் செய்தது. எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு இடம் விட்டிருந்தார்கள். தண்ணீரில் மூழ்கியதா என்று கேட்கிற கட்டம் எதிலும் இல்லை. இருந்திருந்தால் நான் உண்மையை எழுதியிருப்பேனா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எழுதியிருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை. கட்டம் இல்லாதது அன்றைக்கு எனக்கு வசதியாகத்தான் இருந்தது. காட்டின இடத்தில் எல்லாம் குல்ஷன், குல்ஷன் என்று கையெழுத்துப் போட்டேன். நம்பர் உடனே கிடைத்துவிட்டது. ஆர்.சி. தபாலில் வீட்டுக்கு வரும், ஓனர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

வண்டி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. கதவைத் திறந்தால் புது ரெக்ஸின் வாசனை அடிக்கும். ஏ.சி.யைப் போட்டால் பத்தாவது நிமிஷம் அதன் அடியிலிருந்து இன்னொன்று வரும். குமரவேல் தட்டில் காப்பித்தூள் வைத்துப் பார்த்தார், கரி வைத்துப் பார்த்தார், சென்ட் அடித்தார். சென்ட்டும் சாக்கடையும் கலந்து முன்னைவிட மோசமானது.

கடைசியில் என் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. வியாழக்கிழமை பொழுது சாய்ந்து மஃரிபுக்கு எங்கள் வீட்டில் சாம்பிராணி போடுவோம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அது என் வேலை. தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, நெருப்புச் சட்டியை ஏந்தி ஒவ்வொரு ரூமாகப் போய்வருவேன். வாரத்தில் எனக்கென்று இருக்கிற பத்து நிமிஷம் அது. அந்த வியாழன் நான் சுற்றி முடித்ததும் சட்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனவர், நேரே வண்டிக்குள் வைத்துக் கதவை மூடினார். அரை மணி கழித்துத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "சூப்பரா கீது குல்ஷன். இத்த முன்னாடியே பண்ணியிருக்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் அதே சட்டி, அதே வண்டி. என் முக்காட்டை உருவிக் கக்கூஸைத் துடைத்த மாதிரி இருந்தது எனக்கு. அதற்கப்புறம் வந்த வியாழக்கிழமைகளில் நான் வீட்டுக்குள் சாம்பிராணி போடவில்லை. ஏன் போடவில்லை என்று அவர் கேட்கவும் இல்லை.

விளம்பரம் பார்த்து முதலில் வந்தவர் அமலராணி டீச்சர். அஞ்சாவது படிக்கிற இரமுக்குக் கணக்கு எடுக்கிறவர். வண்டலூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி நசுங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வருவார். நாற்பது வயதில் டிரைவிங் பழகி லைசென்ஸ் எடுத்திருந்தார். விளம்பரத்தில் இருந்தது எங்கள் வீடு என்று தெரிந்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"இரம் அம்மா வண்டியா. அப்ப நான் எதுக்கு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரணும்" என்றார். கதவைத் திறந்தவர் மூச்சை இழுத்தார். "என்ன மணம் இது, சாம்பிராணியா?"

"ஆமா டீச்சர்."

"பாருங்க, வண்டியைக்கூட வீடு மாதிரி வெச்சிருக்கீங்க. இப்படிப் பக்தியுள்ள குடும்பத்து வண்டிதான் நான் தேடிட்டிருந்தேன். புரோக்கர்கிட்ட மட்டும் வாங்கக் கூடாதுன்னு இருந்தேன்."

புரோக்கர் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு பணிவாக நின்றார். பம்பாயில் என் மச்சினர் வைத்திருந்து எனக்குக் கொடுத்த வண்டி என்று ஒரு கதையையும் குமரவேல்தான் சொன்னார்.

"நீங்களே ஓட்டுவீங்களா?" என்று டீச்சர் என்னைக் கேட்டார்.

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கிட்டக்கதான் டீச்சர். மார்க்கெட்டுக்கு, அங்க இங்க" என்றேன்.

"ஏன் விக்கறீங்க?"

"அவர் சவுதிக்குப் போறார்" என்றேன்.

இதைச் சொல்லச்சொல்லி முந்தின நாளே குமரவேல் பழக்கியிருந்தார். சொல்லும்போது நாக்கு குழறும் என்று பயந்தேன். குழறவே இல்லை. அத்தனை சரளமாக வந்தது. டீச்சர் என் கையைப் பிடித்து, ஆர்.சி. வந்த அன்றைக்கே முடித்துக்கொள்ளலாம், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே போய் வாய் கொப்பளித்தேன். அந்தப் பொய்யின் ருசி போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கைமாறுவதற்குள் ஓனரம்மா ஒரு ரவுண்டு போகட்டும் என்று வீட்டுக்காரர் எங்களை வண்டலூர் ஜூவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏப்ரல் வெயில். திரும்பி வரும்போது பெருங்களத்தூரில் ரோட்டோரம் நிறுத்தி, இரமுக்குத் தண்ணீர் வாங்க இறங்கினார். ஏ.சி. ஓடட்டும் என்று இன்ஜினை அணைக்கவில்லை. அவர் கதவைச் சாத்தினதும் நாலு கதவிலும் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்ஜின் தானாக நின்றது. ஏ.சி. நின்றது.

கண்ணாடி இறக்குகிற பட்டனை அழுத்தினேன், இறங்கவில்லை. கதவுப் பூட்டின் குமிழைத் தூக்கினேன், வரவில்லை. எட்டி ஹாரனை அமுக்கினேன், அதுவும் செத்துப்போயிருந்தது. தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்தவர், நாங்கள் கண்ணாடியைத் தட்டுவதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். சாவி உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடியை இழுத்துப் பார்த்தபிறகுதான் அவர் முகம் மாறியது.

உள்ளே சூடு ஏற ஏற அது கிளம்பியது. காலுக்கு அடியிலிருந்து, சீட்டுக்குப் பின்னாலிருந்து, ஏ.சி. ஓட்டையிலிருந்து. சாம்பிராணி எல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. இரம் வாந்தி எடுத்தாள். பிறகு என் மடியில் தலையைப் போட்டுக்கொண்டு பேசாமல் கிடந்தாள். பேசாமல் கிடந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த எலாஸ்டிக் டை நினைவுக்கு வந்தது. அந்தப் பிள்ளையும் இப்படித்தான் தட்டியிருக்குமோ என்று நினைத்தபோது என் கை நின்றுவிட்டது. அவர் பக்கத்து பஞ்சர் கடையிலிருந்து ஒரு இரும்புக் கம்பியை வாங்கி வந்து பின் கண்ணாடியை உடைத்து எங்களை இழுத்து வெளியே போட்டார். பத்து நிமிஷம் இருக்கும்.

அவர் கையெல்லாம் ரத்தம். இரமைத் தூக்கி வைத்துக்கொண்டு ரோட்டிலேயே அழுதார். இனி இந்த வண்டி வேண்டாம் என்று அவரே சொல்லிவிடுவார் என்று நம்பினேன். மனுஷன்தானே, பெத்த பிள்ளை ஆயிற்றே.

சாயங்காலம் குமரவேலுக்குப் போன் செய்து பேசிக்கொண்டிருந்தார். "பின் கண்ணாடி ஒண்ணு ஏற்பாடு பண்ணு. பழசுல வண்டி நம்பர் பொறிச்சிருந்தோம்ல, அதேமேரி இதுலயும் பொறிச்சுடு. இல்லாங்காட்டி டீச்சர் ஏன் மாத்துனீங்கன்னு கேக்கும்."

போனை வைத்ததும் எதிரே போய் நின்றேன். "அந்த வண்டிய டீச்சருக்குக் குடுக்காதீங்க" என்றேன்.

"ஃப்யூஸ் போயிருக்குது குல்ஷன். மாத்திட்டா சரியாப்பூடும்."

"நம்ம புள்ள செத்திருக்கும்."

"அதான் ஒண்ணும் ஆவலல்ல. ஆர்.சி. வர்ற வரிக்கும் வாய மூடிக்கினு இரு. அதுக்கப்பறம் அது நம்ம வண்டியே இல்ல."

கட்டுப் போட்ட கையோடு இதைச் சொன்னார். அந்த மனுஷனோடு ஒரே ரூமில் படுக்க எனக்கு அன்றைக்குப் பிடிக்கவில்லை. பாயை எடுத்துக்கொண்டு போய் இரம் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பகலில் தபால்காரர் வந்தார். வீட்டில் நான் மட்டும்தான். கையெழுத்துப் போட்டு வாங்கிக் கவரைக் கிழித்தேன். ஆர்.சி. முழுக்க என் பேர்தான். குமரவேல் பேரும் இல்லை, லாபத்தில் பாதி என்கிற பேச்சும் இல்லை. காரியம் ஆக வேண்டும் என்று என்னை ஓனர் ஆக்கினவர்கள், நான் நிஜமாகவே ஓனர் ஆகிவிடுவேன் என்று யோசிக்கவே இல்லை. பர்தாவை மாட்டிக்கொண்டு, ஆர்.சி.யைப் பையில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பார்த்து வண்டலூர் பஸ் ஏறினேன்.

டீச்சர் அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். ஹாலில் உட்காரவைத்து ரஸ்னா கலந்து கொடுத்தார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பம்பாய்த் தண்ணீர், புழு, டை, பெருங்களத்தூர் ரோட்டில் பத்து நிமிஷம். எனக்கு ஓட்டத் தெரியாது, அவர் சவுதிக்குப் போகவில்லை, சாம்பிராணி நாற்றத்துக்காகப் போட்டது என்று அதையும் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது. "என்ன மன்னிச்சிடுங்க டீச்சர். நீங்க அந்த வண்டிய வாங்காதீங்க" என்றேன்.

டீச்சர் ஃபேனைக் கூட்டிவைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார். கோபப்படுவார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன். திட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டு வந்திருந்தேன்.

"நல்லவேளை சொன்னீங்க" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப எவ்வளவு குறைப்பாங்க?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. "டீச்சர், அத்த நீங்க ஓட்ட முடியாது."

"நான் எதுக்கு ஓட்டறேன்? என் தம்பி பாண்டிச்சேரியில பழைய வண்டி வாங்கி விக்கறான். அங்க கொண்டுபோயிட்டா யாருக்கு என்ன தெரியும். பாதி விலைக்குக் கொடுத்தாங்கன்னா ரெண்டு பேருக்குமே லாபம். நீங்க சொன்னதா நான் காட்டிக்க மாட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடுத்த ஓனரும் லேடி, அதுவும் டீச்சர்னா, இன்னும் நல்ல விலைக்குப் போகும்" என்றார்.

ரஸ்னாவைக் குடிங்க, சூடாகிடப் போகுது என்று உபசாரம் வேறு. எழுந்து வந்துவிட்டேன். வாசலில் செருப்பை மாட்டும்போது, நாளைக்கு வந்து உங்கள் வீட்டுக்காரரிடம் பேசுகிறேன் என்று பின்னாலிருந்து சொன்னார்.

பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். நான் கையெழுத்துப் போடாவிட்டாலும் இவர்கள் இன்னொரு குல்ஷனைப் பிடிப்பார்கள், என் கையெழுத்தைப் போலப் போட ஒருத்தனைப் பிடிப்பார்கள். அந்த வண்டி முழுசாக இருக்கிற வரைக்கும் ஸ்டேட் ஸ்டேட்டாகப் போய்க்கொண்டே இருக்கும். எங்கேயாவது ஒரு வெயிலில் நாலு கதவும் டக்கென்று மூடிக்கொள்ளும்.

என் அண்ணன் அக்தர் இரும்புலியூரில் காயலான் கடை வைத்திருக்கிறார். பழைய இரும்பு, பழைய வண்டி எல்லாம் உடைத்து எடைக்குப் போடுகிற கடை. மறுநாள் வெள்ளிக்கிழமை. வீட்டுக்காரர் குளித்து, அத்தர் போட்டுக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பினதும் அண்ணன் கடைக்குப் போன் போட்டேன். அண்ணன் நேரத்தோடு ஆவடியில் சரக்கு எடுத்துவிட்டு, வரும் வழியில் சீக்கிரமே ஜும்ஆ முடிகிற ஒரு பள்ளிவாசலில் தொழுதிருந்தார். கொஞ்ச நேரத்தில் டெம்போவோடு வந்து நின்றார்.

வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். "புதுசாட்டம் கீதேம்மா. இத்தப் போயா ஒடைக்கணும்? மச்சானுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"வண்டி யார் பேர்ல கீதுன்னு பாருங்கண்ணா" என்று ஆர்.சி.யை நீட்டினேன்.

படித்தார். என் முகத்தையும் பார்த்தார். டெம்போவில் சங்கிலி போட்டுக் கட்டி இழுத்தார்கள். நான் முன்னால் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கடையில் ஒரு வெள்ளைப் பேப்பரில் என் சம்மதத்தோடு உடைக்கக் கொடுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆர்.சி.யை ஆபீஸில் திருப்பிக் கொடுத்து நம்பரை ரத்து செய்ய வேண்டும் என்றார் அண்ணன். திங்கட்கிழமை நானே போகிறேன் என்றேன்.

"மொதல்ல நம்பர் இருக்கற எடத்த வெட்டச் சொல்லுங்க" என்று பானெட்டைத் திறந்து காட்டினேன். காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற இடம் ஆயிற்றே, எனக்கு நன்றாகத் தெரியும்.

"வெவரமாத்தான் கீற. அந்தத் துண்ட மட்டும் கேட்டு ஆளுங்க வருவானுங்க, திருட்டு வண்டில வெச்சு ஒட்டறதுக்கு" என்றார் அண்ணன். கேஸ் கட்டரால் அந்தத் தகட்டை நம்பருக்கு நடுவே இரண்டாக அறுத்தார்கள். இடுக்கில் இருந்த சேறு புகைந்து கருகியது.

வீட்டுக்காரர் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்து இறங்கியபோது தலையில் தொப்பி அப்படியே இருந்தது. அக்கம்பக்கத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேட்டிலேயே நின்றுவிட்டார். முன் கதவு இரண்டும் தனியாகக் கிடந்தன. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

அந்த நேரம் கட்டர் பின் சீட்டு அடித்தகட்டுக்குப் போயிருந்தது. மேலே புது ஸ்பாஞ்சுதான். அடியில் தகடு இரண்டு மடிப்பாக இருந்த இடத்தில், யாரும் கழுவாமல் விட்ட சேறு கெட்டியாக அடைந்திருந்தது. சூடு பட்டதும் அது கறுப்புப் புகையாக எழும்பியது. கட்டர் பிடித்திருந்த ஆள் விட்டுவிட்டுப் பின்னால் ஓடினான். அண்ணன் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு தோள் துண்டால் வாயைப் பொத்தினார். ரோட்டில் போனவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்காரர் ஜிப்பா பாக்கெட்டிலிருந்து அத்தர் போட்ட கர்ச்சீப்பை எடுத்து மூக்கோடு அழுத்திக்கொண்டார்.

"நாறுதா?" என்று கேட்டேன்.

கர்ச்சீப்பை எடுக்காமலே தலையை ஆட்டினார்.